அப்பாவின் அறையில் ஆடிய வெளிச்சம்

கண்ணில் புரை எடுத்த பிறகு அப்பாவுக்கு எல்லாம் நன்றாகத் தெரியத் தொடங்கியது. ஆனால் பொழுதுபட்டு விளக்கைப் போட்டால் கண் கூசுகிறது என்பார். அறையில் எரிந்த வெள்ளை வெளிச்சத்துக்குக் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டுதான் பேப்பர் வாசிப்பார். லண்டனில் இருக்கும் என் தம்பி ஒரு முறை விடுமுறையில் வந்தபோது இதற்காகவே ஒரு டிம்மரும் அதற்கு ஒரு பல்பும் வாங்கிக்கொண்டு வந்தான். சாதாரண சுவிச் இருந்த இடத்தில் வட்டக் குமிழ் ஒன்று. ஒரு பக்கம் திருகினால் வெளிச்சம் கூடும், மற்றப் பக்கம் திருகினால் குறைந்து குறைந்து மங்கலாகும். எங்கள் பகுதியில் வயரிங் வேலை செய்யும் ஒருவரைக் கூப்பிட்டு, அப்பாவின் அறைக் கதவுக்குப் பக்கத்தில் அதைப் பூட்டுவித்துவிட்டுத்தான் தம்பி திரும்பிப் போனான்.

அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. இரண்டு விரலால் மெல்லத் திருகி, தனக்கு வேண்டிய அளவில் நிறுத்துவார். பெரும்பாலும் மிகக் குறைந்த அளவில். அம்மா இறந்த பிறகு மானிப்பாயில் எங்களோடுதான் அவர் இருந்தார். வாழ்நாளில் பெரும்பகுதி யாழ்ப்பாணம் – பருத்தித்துறை வீதியில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமான பிறகும், யாராவது காரில் ஏற்றிப் போனால், முன்சீற்றில் இருக்கும் அவருடைய கால் தன்பாட்டில் பிரேக்கைத் தேடும். கண்ணை நம்பிப் பிழைத்த மனிதர் என்று அவரைச் சொல்லலாம். அதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது, சிலந்தி வலை அடித்த தடி பட்டு அப்பாவின் அறை பல்ப் கழன்று விழுந்து உடைந்தது. நான்தான் அடித்தேன். அன்று பின்னேரமே சந்திக் கடையில் போய் வேறொரு எல்ஈடி பல்ப் வாங்கிப் போட்டேன். எரிந்தது. குமிழைத் திருகிப் பார்த்தேன், கூடியது, குறைந்தது. வேலை முடிந்தது என்று அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் அப்பா சொல்லத் தொடங்கினார்.

“பிள்ளை, லைற் ஆடுது.”

நான் அப்போது கிணற்றடியில் இருந்து வந்துகொண்டிருந்தேன். வேலை முடிந்து கந்தோரால் வந்து, உடுப்பு மாற்றி, மோட்டாரைப் போட்டுத் தண்ணீர்த் தாங்கியை நிரப்புவது என் பின்னேர வேலை. தாங்கி நிரம்பும் வரை பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வெளியில் நிற்பேன். நிரம்பியதும் மோட்டாரை நிற்பாட்டிவிட்டு உள்ளே வருவேன். அப்பாவின் அறைக்குள் நுழைந்தபடியே கையை நீட்டிக் குமிழை முழுதாகத் திருகினேன். ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் வெளிச்சத்தைக் கூட்டித்தானே பார்ப்போம். பல்ப் அசையாமல் எரிந்தது.

“எங்கையப்பா? நல்லாத்தானே எரியுது.”

அப்பா அண்ணாந்து பார்த்தார். “இப்ப ஆடேல்லை,” என்றார்.

இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறையும் அப்படித்தான். “கண்ணைச் சிமிட்டுற மாதிரி ஆடுது, பிள்ளை. கொஞ்ச நேரம் ஆடிப்போட்டு நிக்குது,” என்பார். நான் மோட்டாரை நிற்பாட்டிவிட்டு வருவேன், குமிழைத் திருகுவேன், வெளிச்சம் ஆடாமல் நிற்கும். “இப்ப பாருங்கோ,” என்பேன். அவர் பார்ப்பார். ஒரு குழந்தைக்கு விளங்கப்படுத்துகிற குரல் எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

வயரிங் வேலை செய்பவரை ஒரு சனிக்கிழமை காலையில் கூப்பிட்டோம். என்னைவிடச் சில வயது குறைந்தவர், நல்ல வேலைகாரர். அறைக்குள் போய்க் குமிழை முழுதாகத் திருகிவிட்டுப் பல்பைப் பார்த்தார். கழற்றிப் போட்டார். சுவிச் பெட்டியைத் திறந்து திருகாணிகளை இறுக்கினார். அரை மணித்தியாலம் நின்று பார்த்தார்.

“ஒரு பிழையும் இல்லையக்கா. ஐயா, இப்ப ஆடுதோ?”

“இப்ப இல்லைத் தம்பி. பின்னேரங்களிலைதான்.”

“பின்னேரத்திலை கரண்ட் கொஞ்சம் குறைவாத்தான் வரும் ஐயா. எல்லா வீட்டிலையும் அதுதான்.”

அவர் போன பிறகு என் கணவர் தாழ்ந்த குரலில் சொன்னார். “லைற்றிலை பிழை இல்லை எண்டால் கண்ணிலைதான் ஏதோ. ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுவம்.”

கொண்டுபோய்க் காட்டினோம். கண் டாக்டர் வடிவாகப் பார்த்துவிட்டு, சத்திரசிகிச்சை நன்றாக ஆறியிருக்கிறது, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. வெளியில் வந்து ஓட்டோவுக்குக் காத்து நின்றபோது, “பாத்தியே பிள்ளை, கண்ணிலை பிழையில்லை,” என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். கண்ணில் பிழையில்லை என்றால் லைற்றில்தான் பிழை என்று அவர் சொன்னார். எனக்கோ வேறு கணக்கு ஓடியது. லைற்றில் பிழையில்லை, கண்ணிலும் பிழையில்லை, அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

என் வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். நான் ஒரு பிரதேச சபைக் கந்தோரில் எழுதுவினைஞர். தெருவிளக்கு எரியவில்லை, விட்டு விட்டு எரிகிறது, பகலிலும் எரிகிறது என்று சனம் வந்து சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்வது என் மேசையில்தான். வயது போனவர்களும் வருவார்கள். எந்தக் கம்பம், எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, எந்த நேரத்தில் என்று விபரமாகக் கேட்பேன். அவர்களில் ஒருவரிடமாவது, “உங்களுக்குத்தான் அப்பிடித் தெரியுதோ?” என்று நான் கேட்டதில்லை. முன்பின் தெரியாதவர்கள் சொன்னதை நம்பி ஆள் அனுப்பினேன். வீட்டில் அப்பா சொன்னதற்கு ஒரு நாளாவது, “எத்தினை மணிக்கு ஆடுது, அப்பா? அப்ப என்னென்ன எரிஞ்சுகொண்டிருந்தது?” என்று கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு லண்டனிலிருந்து தம்பி போன் எடுத்தான். அப்பா எப்படி என்று கேட்டான். நான் கையடக்கத் தொலைபேசியோடு குசினிக்குள் அடுப்படிக்குப் போனேன். அப்பா விறாந்தையில் கதிரையில் இருந்தார். குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு யன்னல்.

“உடம்புக்கு ஒண்டும் இல்லையடா. ஆனால் இல்லாததைக் காணிறார்,” என்றேன். “லைற் ஆடுது, லைற் ஆடுது எண்டு ஒரே கதை. ஆடவே இல்லை. கண் டாக்டரும் கண்ணிலை பிழையில்லை எண்டிட்டார். மண்டையிலைதான் ஏதோ தொடங்குதெண்டு நினைக்கிறன்.”

தம்பி, “வயது போனால் அப்பிடித்தானே அக்கா. நீங்கள்தான் பாவம்,” என்றான். அந்த “நீங்கள்தான் பாவம்” எனக்கு இதமாக இருந்தது. அதற்காகவே சொன்னேனோ என்றுகூட இப்போது நினைப்பதுண்டு.

அதன் பிறகு அப்பா லைற்றைப் பற்றிக் கதைக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பின்னேரங்களில் விளக்கைப் போடாமலே அறையில் இருந்தார். போய்ப் போட்டுவிட்டால், “வேண்டாம் பிள்ளை, சும்மாதானே இருக்கிறன்,” என்பார். பேப்பர் வாசிப்பதை விட்டுவிட்டார். காலையில் சைக்கிளில் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வருவது அவருடைய வழக்கம். அதையும் விட்டார். கேட்டதற்கு ரயருக்குக் காற்றில்லை என்றார். காற்றடித்துத் தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. இருட்டில் இருக்கிறார், வாசிக்கிறார் இல்லை, வெளியில் போகிறார் இல்லை என்று ஒவ்வொன்றையும் மண்டையில் தொடங்கிய அந்த வருத்தத்தின் அறிகுறியாகவே கண்டேன். என் கணவரிடம் சொன்னேன். நெல்லியடியில் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கும் போனில் சொன்னேன்.

தங்கச்சி வந்தாள். அவள் வீட்டில் எந்த நேரமும் ஆட்கள் இருப்பார்கள். பகலில் எங்கள் வீட்டில் நானும் இல்லை, கணவரும் இல்லை. “அப்பா கொஞ்ச நாள் என்னோடை வந்து இருக்கட்டும் அக்கா,” என்றாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டு நிற்க, அவரே எழும்பி அலுமாரியைத் திறந்து வேட்டிகளை எடுத்து வைத்தார்.

“நீங்கள் ரண்டு பேரும் வேலைக்குப் போற ஆக்கள். நான் போறன் பிள்ளை,” என்றார்.

ஓட்டோ வாசல் படலையைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கவலையாகத்தான் இருந்தது. அதோடு தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

அவர் போய் இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் கந்தோரில் இருக்கும்போதே எனக்குத் தலையிடி தொடங்கிவிட்டது. பஸ்ஸில் வரும்போது இன்னும் கூடியது. வீட்டுக்கு வந்ததும், இருக்கும் அறைகளில் அப்பாவின் அறைதான் குளிர்மை என்று அங்கே போய்ப் படுத்தேன். வெளியில் இருண்டு வந்தது. விளக்கைப் போட்டேன், வெளிச்சம் தலையைக் குத்தியது, குமிழைத் திருகி நன்றாகக் குறைத்துவிட்டுத் திரும்பவும் படுத்தேன்.

“நீர் படுத்திரும், நான் மோட்டாரைப் போடுறன்,” என்று சொல்லிவிட்டுக் கணவர் கிணற்றடிக்குப் போனார்.

மோட்டார் உறுமுகிற சத்தம் கேட்டது. கூரைக்குக் கீழே பல்ப் துடிக்கத் தொடங்கியது.

துடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். மங்கி, பளிச்சிட்டு, மறுபடி மங்கி, ஒரு ஒழுங்கில்லாமல். சுவரில் என் நிழலும் அலுமாரியின் நிழலும் நடுங்கின. தலையிடியால் கண் இருட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணை இறுக மூடினேன். மூடிய இமைக்குள்ளும் அந்தத் துடிப்புத் தெரிந்தது. திறந்தேன். அப்போதும் ஆடியது. கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். விரல்கள் அசையாமல்தான் இருந்தன, வெளிச்சம்தான் அசைந்தது.

எவ்வளவு கெதியாக என் கண்ணையே நான் சந்தேகித்துவிட்டேன் என்பது அந்தக் கணத்தில் உறைத்தது. எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்றாலும் முதலில் வந்த எண்ணம் அதுதான். நாளாந்தம் ஒரு ஆள் வந்து, “எங்கை ஆடுது? நல்லாத்தானே எரியுது,” என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு மனிதன் என்ன ஆவான்?

“இஞ்சேருங்கோ! கெதியா வாங்கோ! மோட்டாரை நிப்பாட்டாமல் வாங்கோ!” என்று கத்தினேன்.

கணவர் ஈரக் கையோடு ஓடி வந்தார். வந்தவர் வாசலில் நின்று, பழக்கத்தில் கையை நீட்டிக் குமிழைப் பிடித்தார்.

“தொடாதையுங்கோ!”

நான் போட்ட சத்தத்தில் அவர் கையை இழுத்துக்கொண்டார். இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.

“ஆடுது,” என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் போய் மோட்டாரை நிற்பாட்டினார். வெளிச்சம் கொஞ்சம் மினுங்கிவிட்டு அடங்கியது. திரும்பப் போட்டார், ஆடியது. இப்போது நான் குமிழை முழுதாகத் திருகினேன். ஆட்டம் நின்றுவிட்டது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கவே நின்றுவிட்டது. குறைத்தேன், மறுபடி ஆடியது. மோட்டார் ஓட வேண்டும், வெளிச்சமும் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பிழை தெரியும். நான் ஒவ்வொரு நாளும் மோட்டாரை நிற்பாட்டிவிட்டு வந்து, வெளிச்சத்தைக் கூட்டிவிட்டுப் பார்த்தேன். அப்பா கண்டதை என் கையாலேயே அழித்துவிட்டு, இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

தலையிடியோடு கதிரையில் ஏறி அந்த பல்பைக் கழற்றிக் குசினியில் போட்டோம். மோட்டார் ஓடும்போதும் அங்கே அது ஒழுங்காக எரிந்தது. குசினி பல்பை அப்பாவின் அறையில் போட்டோம். அது இன்னும் மோசமாக ஆடியது. தம்பிக்குப் போன் எடுத்தேன். அவன் வேலையில் நின்றான்.

“அக்கா, நான் கொண்டு வந்த பல்ப்தானே அதிலை கிடக்குது?”

“அது உடைஞ்சு போச்சு. நான் கடையிலை வாங்கிப் போட்டனான்.”

“டிம்மருக்கெண்டு சொல்லி வாங்கினனீங்களோ?”

“இல்லை. சும்மா பல்ப்தான்.”

“எல்லா எல்ஈடியும் டிம்மரிலை வேலை செய்யாதக்கா. குறைச்சால் ஆடும். பெட்டியிலை எழுதியிருக்குமே.”

பெட்டியை நான் பார்க்கவே இல்லை. அவன் அங்கே நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப அப்பா சொன்னது...” என்றான். முடிக்கவில்லை.

அடுத்த நாள் வயரிங் வேலை செய்பவரை மோட்டார் ஓடும் நேரத்துக்கு வரச் சொன்னோம். அவர் அறையில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு நேராக முன் விறாந்தையில் இருக்கும் பெரிய மெயின் சுவிச் பெட்டிக்குப் போனார். மெயினை நிற்பாட்டிவிட்டு மூடியைக் கழற்றினார். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் பூட்டியிருந்த இடம் சூடேறிக் கறுத்துப் போயிருந்தது. திருகாணி இளகி, வயர் அதற்குள் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. மோட்டார் இழுக்கும்போது அந்த இடத்தில் கரண்ட் விட்டு விட்டுப் பாயும் என்றார். மற்ற விளக்குகள் அதைச் சமாளித்துக்கொள்ளும், குறைத்து வைத்த டிம்மரும் அதற்குப் பொருந்தாத பல்பும் சமாளிக்காது என்றார்.

“இதை இப்பிடியே விட்டிருந்தால் ஒரு நாள் வீடே பத்தியிருக்குமக்கா,” என்று சொல்லிக்கொண்டு கறுத்த வயரின் நுனியை வெட்டினார். பிறகு கையிலிருந்த துண்டைப் பார்த்தபடி, “அண்டைக்கு நான் மோட்டாரைப் போட்டுப் பாத்திருக்கோணும். ஐயா பின்னேரம் எண்டு சொன்னவர்தானே,” என்றார். அவருக்கும் முகம் சரியில்லை. நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கன நேரம் கையில் வைத்திருந்தார்.

சனிக்கிழமை நெல்லியடிக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் இறங்கிப் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினேன். நீர்வேலியில் வாழைக்குலைகளோடு ஏறிய ஒருவர் என் கால்மாட்டில் அவற்றை அடுக்கினார். வல்லை வெளியில் காற்று முகத்தில் அடித்தது. இந்த வீதியில் அப்பா எத்தனை ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்திருப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணை நம்பித்தானே அவ்வளவு சனமும் பின்னால் நித்திரை கொண்டது. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வசனம் தேடினேன். பஸ்ஸால் இறங்கும்போது ஒன்றும் கைவசம் இல்லை.

அப்பா தங்கச்சி வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். மெலிந்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. தங்கச்சி, “றோட்டுப் பக்கம் எட்டியும் பாக்கிறாரில்லை அக்கா. கடைக்குப் போய் வாங்கோ எண்டாலும் மாட்டன் எண்டுறார்,” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் போட உள்ளே போனாள். நான் பக்கத்தில் குந்தினேன்.

“அப்பா, உங்கடை அறை லைற் ஆடினதுதான்.”

அவர் என்னைப் பார்த்தார்.

“நான் கண்டனான். இவரும் கண்டவர். மோட்டார் ஓடேக்கை ஆடுது. நான் போட்ட பல்ப் பிழை. மெயினிலை வயரும் இளகிக் கிடந்தது. இப்ப திருத்தியாச்சு.”

“ஆடினதோ?”

“ஓம் அப்பா.”

“நீ கண்டனியோ?”

“கண்டன்.”

அவர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்று இருந்தது. கடைசியில் அவர் சொன்னது வேறு.

“நான் சைக்கிளை விட்டிட்டன் பிள்ளை.”

“ரயருக்குக் காத்தில்லை எண்டு...”

“காத்திருந்தது. இல்லாததைக் காணிற ஆள் றோட்டிலை சைக்கிள் ஓடலாமோ? ஒரு பள்ளிப் பிள்ளை குறுக்கை வந்தால்? வந்தது உண்மையோ பொய்யோ எண்டு எனக்குத் தெரியுமோ?”

இல்லாததைக் காணிறார். குசினியில் நின்று தம்பிக்குச் சொன்ன அதே சொல். அந்த யன்னல் திறந்திருந்தது என்று அப்போதுதான் நினைவு வந்தது. அவருடைய முழங்காலில் கை வைத்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். தங்கச்சி தேத்தண்ணீரோடு வாசலில் வந்து நின்றவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

“உன்னிலை பிழையில்லை,” என்றார் அப்பா. “நீயும் வந்து பாத்தனிதானே.”

அதுதான் என்னை இன்னும் வருத்தியது. வந்து பார்த்தேன்தான். பார்க்கிறேன் என்று வந்து நின்று, பார்க்காமல் போயிருக்கிறேன்.

அன்றே கூட்டிக்கொண்டு வரத்தான் போயிருந்தேன். அவர் வரவில்லை. “நிண்டிட்டு வாறன், நீ போ,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவசரமும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் வந்தார். அதற்கிடையில் டிம்மருக்கென்றே செய்த பல்ப் ஒன்றைக் கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி எடுப்பித்துப் போட்டு வைத்தோம். மோட்டாரைப் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, எத்தனையோ பின்னேரம் நானே அறையில் இருந்து பார்த்தேன். ஆடவில்லை. அப்பா வந்த முதல் நாள் பின்னேரம் கணவர் மோட்டாரைப் போட, நான் அப்பாவோடு அறையில் இருந்தேன். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கேட்டார்.

“ஆடேல்லைத்தானே?”

தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதை என்னிடம் கேட்டார். லைற்றைத் திருத்த ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. இது அப்படித் திருந்தவில்லை. படலையடியில் ஓட்டோ வந்து நின்றால், “ஆரோ வந்திருக்கினமோ பிள்ளை?” என்பார். மழை தூறினால் கையை வெளியில் நீட்டிப் பார்த்துவிட்டும், “தூறுதோ?” என்று கேட்பார். ஒவ்வொன்றுக்கும், “ஓம் அப்பா, வந்திருக்கினம்,” “ஓம் அப்பா, தூறுது,” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஏதாவது சொன்னால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். சோறு கரிந்து போனாலும் ஓடுவேன். கணவர்கூட ஒருமுறை, “உமக்கு இப்ப என்ன நடந்தது?” என்று கேட்டார்.

ஒரு நாள் விடிய அப்பா விறாந்தையில் இருந்து கூப்பிட்டார்.

“பிள்ளை, பின் வேலிக்குள்ளாலை ஆடொண்டு வந்து நிக்குது. கத்தரிக் கண்டைத் தின்னப் போகுது.”

நான் தடியோடு ஓடினேன். தூரத்தில் எனக்கும் ஆடு போலத்தான் இருந்தது, கிட்டப் போனால் ஆடு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கழுவிக் காயப் போட்ட வெள்ளை உரப்பை ஒன்று காற்றில் பறந்து வந்து வேலியில் கொழுவி, கீழ் நுனி அசைந்துகொண்டிருந்தது. ஒரு கணம் நின்றேன். அப்பா விறாந்தையில் எழும்பி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக் கன்றுகளுக்கு மேலால் தடியை வீசி, “சூ, சூ!” என்றேன். திரும்பி வந்து, “ஓடிட்டுது அப்பா,” என்றேன்.

அவர் செருப்பைப் போட்டார். படியால் இறங்கி மெல்ல மெல்ல வேலியடிக்குப் போனார். உரப்பையைக் கையால் பிடித்துப் பார்த்தார். கொழுவலில் இருந்து கழற்றி, மடித்து எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார், கோபத்தில்.

“இது என்ன?”

“உரப்பை.”

“ஆடு எண்டு நான் சொன்னது பிழை. பிழையெண்டால் பிழையெண்டு சொல்லு பிள்ளை. அண்டைக்கு இருந்ததை இல்லை எண்டனி. இண்டைக்கு இல்லாததை ஓடிட்டுது எண்டுறாய். நான் ஆரைக் கேட்டு எதை நம்புறது?”

அவருக்கு நன்மை செய்வதாக நினைத்து மறுபடியும் அதே இடத்துக்குத்தான் அவரைத் தள்ளியிருக்கிறேன். என் குற்ற உணர்வு எனக்கு ஆறுதல் தேடிக்கொண்டது. அதற்கான செலவை இந்த முறையும் அவர்தான் கொடுத்தார்.

“பிழைதான் அப்பா,” என்றேன். “ஆடில்லை. உரப்பைதான்.”

“ம்,” என்றார். வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “தூரத்திலை இருந்து பாத்தால் அச்சொட்டா ஆடு மாதிரித்தான் கிடந்தது. காது மாதிரி ரண்டு நுனியும்.”

“ஓம். எனக்கும் கிட்டப் போகும் வரைக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சது.”

அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. அது உண்மை என்பதால் திருப்பத் தேவையிருக்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு, உரப்பையை அதன் சொந்தக்காரரிடம் கொடுப்பதற்காகப் படலையைத் திறந்துகொண்டு தனியாக ஒழுங்கையில் இறங்கினார்.